அவையில் சொன்ன பதிலும் எல்லையில் வாழ்கிறவர்களும்

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. கேட்டிருக்கும் குறைகள் வெவ்வேறாக இருந்தாலும், தங்கள் உறுப்பினர் அவையில் எழுப்பிய குறைக்கு அரசின் சார்பில் அவையில் பேசும் தலைவர் (சபாநாயகர் அல்ல, அவை முன்னவர்) அளித்த பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி அவை அனைத்திலும் இருக்கிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நாற்பது, ஐம்பது உறுப்பினர்கள் ஆளுக்கொரு குறையைச் சொல்கிறார்கள். ஒருவர் ரேஷன் கடை என்கிறார், மற்றொருவர் நிலப் பட்டயம் என்கிறார், வேறொருவர் யானை இறங்குவதைச் சொல்கிறார். கடைசியில் தலைவர் எழுந்து ஒரு மணி நேரம் பேசி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டதாக முடித்துவிடுகிறார். அந்தப் பதிலுரைக்கு உண்மையில் மதிப்பு உண்டா?
— ஒரு வாசகர், குமுளி

உண்டு என்பதற்கு உங்கள் ஊரின் வரலாறே சான்று. அதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம், அதாவது பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் குழு, 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையை அளித்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தன் கோரிக்கையில் ஒன்பது தாலுகாக்களைக் கேட்டிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. தேவிகுளமும் உங்கள் குமுளி அடங்கிய பீர்மேடும் கேரளத்தோடு இருக்கட்டும் என்றது. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவை இந்த அறிக்கையைப் பல நாட்கள் விவாதித்தது. நாகர்கோவில் தொகுதியின் உறுப்பினராக மார்ஷல் நேசமணி அந்த அவையில் இருந்தார். தெற்கே அவருக்குத் தேவிகுளம் என்றால், மேற்கே சிலருக்குப் பம்பாய், வடக்கே சிலருக்குப் பஞ்சாப் என்று நாட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தவர்கள் தத்தம் எல்லையைப் பற்றி முறையிட்டார்கள்.

பிரதமர் என்ற முறையில் அவை முன்னவராக இருந்த நேரு அந்த விவாதத்தில் பேசியபோது, ஒரு மாநிலத்தின் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதில் தமக்குப் பெரிய ஆர்வம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கோட்டின் இரு புறத்திலும் என்ன நடக்கிறது, மொழியால் சிறுபான்மையாகிவிட்டவர்கள் அந்த மாநிலத்துக்குள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதே அதைவிட மிக மிக முக்கியம் என்பது அவருடைய வாதம். எல்லைக்காகத் தடியடியும் துப்பாக்கிச் சூடும் பட்டவர்களுக்கு, துப்பாக்கிச் சூடு நடந்த 1954 ஆகஸ்ட் 11-ஐ நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த தென் திருவிதாங்கூர் மக்களுக்கு, இந்தப் பதில் கசப்பாகவே இருந்திருக்கும். கேட்டது நிலம், கிடைத்ததோ ஒரு கொள்கை விளக்கம்.

ஆனால் அந்தப் பதிலின் உள்ளடக்கம் பேச்சோடு நின்றுவிடவில்லை. 1956-இல் நிறைவேறிய ஏழாவது அரசியல் சட்டத் திருத்தத்தில் 350 அ, 350 ஆ என்ற இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முதலாவது, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளி நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு சிறப்பு அலுவலரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கவும், அவருடைய அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படவும் வழி செய்கிறது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்பாணை, பள்ளியில் நாற்பது பேரோ ஒரு வகுப்பில் பத்துப் பேரோ தாய்மொழிக் கல்வி கேட்டால் அதற்கு ஆசிரியர் வேண்டும் என்ற பழைய அளவுகோலை உறுதிப்படுத்தியது. இன்று வண்டிப்பெரியாறிலோ மூணாறிலோ ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு மனு எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நாட்களின் விவாதத்தில் பிறந்த உரிமையைத்தான் கேட்கிறார்.

அந்தப் பதிலில் குறையும் இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. 350 அ, வசதி செய்துதர ‘முயல வேண்டும்’ என்ற அளவில் நிற்கிறது. சிறப்பு அலுவலர் பரிந்துரைக்கலாம், ஆணையிட முடியாது. தலைவரின் பதில் சட்டமாகும்போது எந்த வினைச்சொல்லோடு சட்டமாகிறது என்பதை உறுப்பினர்கள் அன்றைக்கே கூர்ந்து பார்த்து, அந்த ஒரு சொல்லுக்காகப் போராடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆணையம் முழுதாகக் கொடுக்கச் சொன்ன செங்கோட்டை தாலுகாவும் இறுதிச் சட்டத்தில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி மட்டுமே 1956 நவம்பர் 1 அன்று சென்னையோடு சேர்ந்தது. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. அறிக்கைக்கும் பதிலுரைக்கும் சட்டத்துக்கும் இடையே எத்தனை மாறுதல் நேரலாம் என்பதைப் புளியரையைக் கடந்து போகிற எவரும் நினைத்துப் பார்க்கலாம்.

அவை முன்னவர் என்கிறார்களே, அவர் முதலமைச்சர்தானா, சபாநாயகரா?
— ஒரு மாணவி, வேலந்தாவளம்

பேரவைத் தலைவர் என்கிற சபாநாயகர் அவையை நடத்துகிறவர். விவாதத்தில் கட்சி சேரமாட்டார். அரசின் சார்பில் அவையில் முன்னின்று பேசி, அலுவல்களை ஒழுங்கு செய்து, உறுப்பினர்களுக்குப் பதில் சொல்கிறவரே அவை முன்னவர். மக்களவையில் பிரதமர் அந்த அவையின் உறுப்பினராக இருந்தால் அவரே அந்தப் பொறுப்பை வகிப்பார். இல்லையென்றால் வேறோர் அமைச்சரை நியமிப்பார். மாநிலங்களில் முதலமைச்சர் தவிர்த்த வேறோர் அமைச்சர் அவை முன்னவராக இருப்பதும் வழக்கம். இராஜாஜி முதலமைச்சரானபோது மேலவை உறுப்பினராக இருந்ததால், சென்னைச் சட்டமன்றப் பேரவையில் சி. சுப்பிரமணியம் அவை முன்னவரானார். காமராசர் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று பேரவைக்கு வந்த பின்னும் அவரே தொடர்ந்தார்.

எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலோர் தமிழ் பேசும் விவசாயிகள். பயிர் கருகும்போது தண்ணீர் வர வேண்டியதோ தமிழ்நாட்டிலிருந்து. எங்கள் உறுப்பினர் திருவனந்தபுரத்தில் கேட்டால், தமிழ்நாட்டிடம் பேசுகிறோம் என்று பதில் வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் இதையே கேட்கிறோம். இதற்கு மேல் ஒரு தலைவர் என்ன பதில் சொல்ல முடியும்?
— ஒரு விவசாயி, கொழிஞ்சாம்பாறை

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். தமிழ் பேசுகிற நீங்கள் கேரளத்தின் குடிமக்களாக நின்று தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்கிறீர்கள். மொழியை வைத்தே அரசியலைப் புரிந்துகொள்ளப் பழகிய எங்களைப் போன்றவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்பாடு 1970 மே மாதத்தில் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரையிலான ஒவ்வொரு நீராண்டிலும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்காகக் கேரளத்துக்கு வர வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உடன்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தக் கெடு 1988-இலேயே வந்தது. நீர்ப் பகிர்வைக் கவனிக்க இரு மாநில அதிகாரிகளும் அடங்கிய கூட்டு நீர் ஒழுங்கு வாரியமும் உண்டு.

இத்தனை இருக்கையில், தமிழ்நாட்டிடம் பேசுகிறோம் என்ற பதில் போதாது. இந்த நீராண்டில் இன்றைய தேதி வரை மணக்கடவில் எத்தனை டிஎம்சி வந்தது, 7.25-இல் பாக்கி எவ்வளவு, அதைப் பதினைந்து நாள் தவணைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வர வேண்டும், ஒழுங்கு வாரியம் கடைசியாக என்றைக்குக் கூடியது, அடுத்து எப்போது கூடும் என்றெல்லாம் சொல்வதுதான் பதில். உங்கள் உறுப்பினர் பொதுவாகக் குறை சொல்லும்போது தலைவரும் பொதுவாகவே பதில் சொல்லித் தப்ப முடிகிறது. அவர் இந்த ஐந்து விவரங்களைக் கேட்டு எழுத்து வடிவில் வினா கொடுத்தால், துறை கணக்கை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவரிடம் நேரில் போய் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் வினாவை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

முல்லைப் பெரியாற்றிலும் இதே சிக்கல் பெரிய அளவில் இருக்கிறது. 1886 ஒப்பந்தமும் 1895-இல் கட்டி முடித்த அணையும் இருக்க, 2011 டிசம்பரில் இரு சட்டமன்றங்களும் தனித்தனியே கூடித் தனித்தனித் தீர்மானங்களை நிறைவேற்றின. ஒவ்வோர் அவையின் தலைவரும் தன் அவையில் எழுந்த அச்சத்துக்குப் பதில் சொன்னார். திருவனந்தபுரத்தில் சொன்ன பதில் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கும், சென்னையில் சொன்ன பதில் அணைக்குக் கீழே இருக்கும் வல்லக்கடவுக்காரருக்கும் சொல்லப்பட்டவை அல்ல. அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற அளவை 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. அச்சத்தைத் தணிக்கும் பணியை அவைகள் செய்யாததால் நீதிமன்றம் செய்ய நேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கென ஒரு பொது மேடை சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மண்டலக் குழுக்களையும் ஏற்படுத்தியது. ஆணைய அறிக்கை விவாதத்தின்போது நேரு முன்வைத்த யோசனை அது. எல்லைத் தகராறுகள், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து ஆகியவற்றை அக்குழுக்கள் விவாதிக்கலாம் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தென் மண்டலக் குழுவில் கேரளமும் தமிழ்நாடும் ஆந்திரமும் உறுப்பினர்கள். அடுத்த தென் மண்டலக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் மணக்கடவுக் கணக்கைச் சேர்ப்பீர்களா என்று தலைவரிடம் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று சொல்லும்படி ஆகும்.

திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது தெருவில் நடந்த போராட்டத்தாலா, அவையில் நடந்த பேச்சாலா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதம்.
— ஒரு வாசகர், நகரி

இரண்டாலும்தான். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மக்களைத் திரட்டியிராவிட்டால் இந்தப் பிரச்சினை அவைகளுக்கு வந்தே இருக்காது. வந்த பிறகு, படாஸ்கர் நடுவராக இருந்து அளித்த முடிவை இரு அரசுகளும் ஏற்று, நாடாளுமன்றம் 1959-இல் ஆந்திரப் பிரதேச – சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இப்புறம் வந்தது. திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களின் சில பகுதிகள் அப்புறம் போயின. நீங்கள் இருக்கும் நகரி ஆந்திரத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்தப் போராட்டத்தின் நிறைவும் நிறைவேறாமையும் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன. வாக்குவாதம் எழுவதில் வியப்பில்லை.

எங்கள் உறுப்பினர் எஸ்டேட் லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) நிலையைப் பற்றி அவையில் உருக்கமாகப் பேசினார். பதிலே இல்லை. பிறகு வேறொரு நாள் வேறொரு விவாதத்தில், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது. இது அவமதிப்பு இல்லையா?
— ஒரு ஆசிரியை, மூணாறு

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண்ணுக்குள் போன லயங்களைப் பார்த்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. அதே சமயம், பதில் வராததற்குப் பல நேரங்களில் விதிமுறையே காரணமாக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை உதவும்.

அவையில் பேசுவதற்குப் பல வாசல்கள் உண்டு. எல்லா வாசலிலும் பதில் கிடைக்காது. நேரமில்லா நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுப்பும் பிரச்சினைக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. கேள்வி நேரத்தில் உண்டு. மக்களவையில் நாளொன்றுக்கு 20 உடுக்குறி (நட்சத்திரக் குறி) வினாக்கள் பட்டியலிடப்படுகின்றன; அவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணை வினாக்களையும் எதிர்கொள்ள வேண்டும். உடுக்குறி இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். கேரளப் பேரவையிலும் வினாக்கள், கவன ஈர்ப்பு, சப்மிஷன் (அனுமதி பெற்று அவையில் எழுப்பும் முறையீடு) என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. உருக்கமான பேச்சு செய்தித்தாளில் வரும். பதில் வேண்டுமென்றால் வினாவாகவோ சப்மிஷனாகவோ கொடுப்பதே வழி.

‘பரிசீலனையில் உள்ளது’ என்ற அந்த ஒரு வரியை நீங்கள் வெறுத்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953 முதல் இயங்குகிறது. எந்தெந்தச் சொற்றொடர்களை அரசின் வாக்குறுதியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது. விஷயம் பரிசீலனையில் உள்ளது, நான் அதைக் கவனிக்கிறேன், விசாரித்துத் தகவல் அவையில் வைக்கப்படும் என்பன போன்ற, நாம் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நினைக்கிற வரிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வாக்குறுதிகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. அங்கே பொதுவாக மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இல்லையேல் அவகாசம் கேட்டுக் குழுவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். கேரளப் பேரவையிலும் தமிழ்நாட்டுப் பேரவையிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி எந்தத் தேதியில், யார் வாயிலிருந்து வந்தது என்பதைக் குறித்துவைத்து, உறுதிமொழிக் குழுவிடம் அது எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள். லயத்தில் மழைக்காலத்தில் கண் விழித்துக் கிடக்கும் குடும்பங்களுக்காக இதைச் செய்வதில் தாமதம் வேண்டாம்.

ஆந்திர, கேரளச் சட்டமன்றங்களில் தமிழில் பேச இடம் உண்டா? தலைவர் தமிழில் பதில் சொல்வாரா?
— ஒரு வாசகர், குப்பம்

அரசியல் சட்டத்தின் 210-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவை நடக்கும். அவற்றில் தன் கருத்தைச் சரிவர வெளியிட இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேசப் பேரவைத் தலைவர் அனுமதிக்கலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்ற விதி கிடையாது. 2021-இல் தேவிகுளம் உறுப்பினர் கேரளப் பேரவையில் தமிழில் உறுதிமொழி எடுத்தபோது, கொடுக்கப்பட்ட தமிழாக்கத்தில் குறை இருந்ததால் அவர் இரண்டாம் முறை எடுக்க நேர்ந்தது. தமிழில் பேச அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, பிழையற்ற தமிழை எழுதித் தரவும் ஆள் வேண்டும் என்பதை அன்று அந்த அவை உணர்ந்திருக்கும்.

அவைக்கு வெளியே கேரளத்தில் உங்களைப் போன்றோருக்குக் கிடைக்கும் உரிமை இன்னும் தெளிவானது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்றும், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்றும் சொல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானே எல்லையோர அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் மனு எழுதினேன். மலையாளத்தில் பதில் வந்தது. சட்டப் பிரிவைச் சுட்டி மீண்டும் எழுதிய பிறகு, கையால் எழுதப்பட்ட நான்கு வரித் தமிழ்ப் பதில் வந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

எங்கள் உறுப்பினர் கேட்டதையும் தலைவர் சொன்ன பதிலையும் சொல்லுக்குச் சொல் படிக்க வழி உண்டா? செய்தித்தாளில் இரண்டு வரிதான் வருகிறது.
— ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், செங்கோட்டை

உண்டு. அவை நடவடிக்கைகள் முழுவதும் குறிப்பெடுக்கப்பட்டு அச்சாகின்றன. நாடாளுமன்ற வினாக்களும் விடைகளும் விவாதங்களும் அதன் இணையதளத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. உறுப்பினரின் பெயரையோ அமைச்சகத்தையோ கொடுத்துத் தேடலாம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளுக்கு உங்கள் உறுப்பினரின் அலுவலகத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சட்டமன்றச் செயலகத்துக்கு விண்ணப்பிக்கலாம், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் அவை கூடிய தேதி, உறுப்பினர் பெயர், பொருள் ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால், அந்த இரண்டு வரிச் செய்தி வந்த நாளுக்கு முந்தைய நாளைக் குறிப்பிடுங்கள். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.